தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை: கரையோரச் சமையலும் கடல்வழியும்

திங்கள், ராமநாதபுரம்

கொழும்பு, பினாங்கு, மலாக்கா என்று ஊர் ஊராகச் சாப்பிடக் கிளம்புகிறவர்கள் முதலில் ராமநாதபுரம் கரையில் சாப்பிட வேண்டும் என்பது எங்கள் இருவரின் கட்சி. அந்த ஊர்களின் அடுப்படியில் கிடைக்கும் பலதுக்கும் உறவுக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த இனிப்பு, கடற்பாசி, கருவாடு, எல்லாமே கப்பல் ஏறி இறங்கியவை. ராமேஸ்வரத்தில் ஒரு முழுக்கு, தனுஷ்கோடியில் ஒரு படம், மாலை ரயில் என்று போகிறவர்கள் இதில் எதையும் பார்ப்பதில்லை.

கிளம்பும் மாதத்தை விடுதி விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றைப் பாருங்கள். இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடக்குக் கடல் கலங்கியிருக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தெற்குக் கடல் கொந்தளிக்கும். இரண்டுக்கும் நடுவே மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம். கடல் இரு பக்கமும் அடங்கியிருக்கும், பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும், வயலோரங்களில் முண்டு மிளகாய் காயும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். விலை கூடுதலாக இருந்தாலும் அன்றைக்குப் பிடித்தது என்ற நம்பிக்கை உண்டு.

தங்குவதற்கு ராமநாதபுரம் டவுன் வசதி. வடக்கே தேவிபட்டினம், தெற்கே கீழக்கரை, கிழக்கே மண்டபம் என எல்லாப் பக்கமும் பேருந்து உண்டு. ராமேஸ்வரத்தில் விடுமுறை நாட்களிலும் அமாவாசையிலும் அறை கிடைப்பது சிரமம், வாடகையும் ஏறிவிடும். நடுவில் இரண்டு இரவு மட்டும் அங்கே மாற்றிக்கொண்டால் போதும்.

டவுனில் பார்க்க வேண்டியது ராமலிங்க விலாசம். சேதுபதி மன்னர்களின் தர்பார் மண்டபம், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்தது. உள்ளே சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். கூரையில் வெளிச்சம் குறைவு என்பதால் முற்பகலில் போனால்தான் நிறம் தெரியும். போர்க்காட்சிகளைவிட ஐரோப்பிய வணிகர்களைச் சேதுபதி சந்திக்கும் காட்சியில் கூடுதல் நேரம் நில்லுங்கள். இந்தக் கரையின் கதை அந்தச் சுவரில்தான் தொடங்குகிறது.

செவ்வாய், வடக்குக் கரை

தேவிபட்டினம் 15 கிலோமீட்டர். கடலுக்குள் நவபாஷாணம் என்று ஒன்பது கற்கள். நடைபாலத்தில் போய் இறங்கிச் சுற்றலாம். நீர் ஏற்றமாக இருந்தால் கல்லின் தலை மட்டும் தெரியும், வற்றியிருந்தால் முழங்கால் அளவு. தரை சேறும் பாசியுமாக இருப்பதால் முதியவர்கள் கைப்பிடியை விட வேண்டாம். அமாவாசை அன்று கூட்டம் நெருக்கும்.

அங்கிருந்து வடக்கே காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள். காலை 9 மணிக்கு முன்பு போய்விடுங்கள். வெயில் ஏறினால் பறவைகள் உள்ளே ஒதுங்கிவிடும், காற்று கிளம்பினால் படகு எடுப்பதும் நிற்கலாம். சாப்பாடு வேண்டுமானால் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும், போய் நின்று கேட்டால் கிடைக்காது. சொல்லி வைத்தால் நண்டும் இறாலும் வீட்டு மசாலாவில் வரும். நண்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுங்கள். பௌர்ணமியை ஒட்டி நண்டில் சதை குறைவு என்பது கரையில் எல்லோரும் சொல்வது.

நேரம் இருந்தால் ஓரியூர். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் வெட்டுண்ட இடம். அங்குள்ள செம்மண்ணைப் பக்தர்கள் எடுத்துப் போகிறார்கள். பேருந்து குறைவு, திரும்பும் வண்டி நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

புதன், மண்டபம், பாம்பன்

வழியில் வைகை கடலைத் தொடும் இடத்தில் அழகன்குளம். ரோமானிய நாட்டோடு வணிகம் நடந்த துறைமுகம். கப்பல் கீறிய பானை ஓடு ஒன்று அகழாய்வில் கிடைத்தது. தெற்கே பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாகக் கிடைத்தன, 13, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இரண்டு இடத்திலும் இப்போது கண்ணுக்குத் தெரிவது மேடும் வீடுகளும்தான். அகழ்ந்த குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம், பெரிய எதிர்பார்ப்போடு போக வேண்டாம். ஆனால் ரோம் ஒரு பக்கம், சீனம் மறுபக்கம் என்று இந்தச் சின்னக் கரைக்கு வந்து போனதை மனதில் வைத்துக்கொண்டால், சனிக்கிழமை கீழக்கரையில் சாப்பிடும் ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

பாம்பனில் எல்லோரும் சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுக்கிறார்கள். வண்டியை நிறுத்தக் காவலர் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பாலத்தில் ஏறுவதற்கு முன்பே இறங்கி ஓரமாக நடந்து போங்கள். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 முதல் ஓடுகிறது. பழையதில் இரண்டு கைகளும் மேல்நோக்கி விரியும், புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் ஏறும். அது ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளை ஒதுக்காதீர்கள். பெரிய படகோ கப்பலோ கடக்க அனுமதி கேட்ட அன்றுதான் தூக்குவார்கள்.

பாலத்தைவிடப் பார்க்க வேண்டியது கீழே இருக்கிறது. பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், பாறை கீறாமல் இருக்க. கண்ணில் முக்குளிக்கும் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி மூழ்கிப் பறிப்பது மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கிறார்கள். நோன்பு மாதத்தில் கீழக்கரையிலும் பினாங்கிலும் பாலில் காய்ச்சித் தட்டில் ஊற்றி வில்லை போடும் கடற்பாசி இதுதான். கயிற்றில் கட்டி வளர்க்கும் இன்னொரு வகைக்குக் கரையில் பெப்சி பாசி என்று பெயர், அந்தக் கம்பெனி கொண்டு வந்த பயிர் என்பதால். படம் எடுக்கக் கேட்டு எடுங்கள். கரையேறிய உடனே பாசியை உதறிப் பரப்பும் அவசரத்தில் இருப்பார்கள், அப்போது பேச்சுக் கொடுத்தால் அவர்களுக்கு நட்டம்.

கருவாடு வாங்க பாம்பன் நல்ல இடம். எங்கே காய்ந்தது என்று கேளுங்கள். மணலில் நேரடியாகக் காய்ந்தது என்றால் எத்தனை முறை அலசினாலும் பல்லில் நறநறக்கும், வலையிலோ பரணிலோ காய்ந்ததை வாங்குங்கள். நடுவில் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனால் ஈரம் போகவில்லை, ஊருக்குப் போவதற்குள் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் சுற்றி மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தால் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

வியாழன், ராமேஸ்வரம்

கோயிலை விளக்க நூறு பேர் இருக்கிறார்கள், நாங்கள் ஈரத்துணி பற்றி மட்டும் சொல்கிறோம். முதலில் அக்னி தீர்த்தம், அதாவது கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடல். பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள், வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். சீட்டுக் கட்டணம் பலகையில் எழுதியிருக்கும், அதற்கு மேல் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. கூட்டம் குறைந்த நாளில் ஒரு மணி நேரம், விசேஷ நாளில் அரைநாள். ஜீன்ஸ் போட்டுப் போகாதீர்கள். நனைந்தால் கனத்து, நடக்கும்போது தொடையை உராய்ந்து புண்ணாக்கும். அடர்நிறப் பருத்திதான் சரி. கடைசித் தீர்த்தம் கோடி தீர்த்தம். அது முடிந்ததும் உடை மாற்றாமல் சந்நிதிக்குள் விடமாட்டார்கள், அதனால் மாற்றுத்துணியை ஒருவர் வெளியே வைத்துக் காத்திருப்பது நல்லது. இருவரும் சேர்ந்து நனைய வேண்டுமென்றால் பாதுகாப்பு அறையில் பையை வைத்துவிடுங்கள். கைப்பேசிக்கும் அதே அறைதான். கல்தரை முழுக்க ஈரம், வேகமாக நடக்கக் கூடாது.

விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். அதற்குப் போனவர்கள் அப்படியே மூன்றாம் பிராகாரத்தை நடந்து முடித்துவிடலாம், அந்த நேரத்தில் 1212 தூண்களும் அனேகமாக உங்களுக்கே.

கோயிலைச் சுற்றிச் சைவம், பேருந்து நிலையம் பக்கம் அசைவம். மீன் சாப்பாட்டுக்கு உட்காருமுன் இன்று படகு வந்ததா என்று கேளுங்கள். இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு போன மறுநாள் விடியலில்தான் இறங்குதளம் நிறையும். கணவாய் கேட்கும்போது வறுவலா தொக்கா என்று சொல்லிவிடுங்கள். கணவாய்க்கு மூன்று நிமிடம், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். நடுவில் இறக்கினால் ரப்பர். கூட்ட நாளில் கடைகளில் நடப்பது அந்த நடுத்தரம்தான்.

சங்கு, சிப்பிக் கடைகளில் பவளத்துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை எதுவும் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம், விமானநிலையத்தில் மாட்டினால் பயணமே நின்றுபோகும்.

வெள்ளி, தனுஷ்கோடி

அரிச்சல்முனை வரை தார்ச்சாலை, டவுன் பேருந்து போகிறது. காலையில் முதல் வண்டிகளில் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவது நல்லது. நிழல் கிடையாது, மாலையில் சோதனைச் சாவடியில் வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள். இடப்பக்கம் அடங்கிய நீர், ஊரார் பெண் கடல் என்பார்கள். வலப்பக்கம் எறியும் அலை, ஆண் கடல். அமைதியாக இருக்கிறதே என்று இடப்பக்கம் இறங்க வேண்டாம். முனையில் இரண்டு நீரோட்டமும் சந்தித்து மணலை அடியோடு அரிக்கும். முழங்கால் அளவில் நின்றவரும் ஒரே அடியில் ஆழத்துக்குப் போய்விடும் இடம் அது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயல் இந்த ஊரை எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போயிற்று. அதற்கு முன், சென்னை எழும்பூரில் ஏறினால் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு. தேவாலயத்தின் சுவரும் நிலையத்தின் வளைவுகளும் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை, கை வைத்தாலே உதிரும். மேலே ஏறுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அங்குள்ள மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் நல்ல தண்ணீர் எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிட அடர்த்தியான உப்புநீரின் மேல் படலமாக மிதந்து நிற்கிறது. ஆழம் குறைவாக, அகலமாகத் தோண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால் நல்ல தண்ணீர். ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து இழுத்தாலோ அடியிலிருந்து உப்பு ஏறிவிடும், பிறகு அந்த ஊற்று பல நாள் ஆகாது. தங்கச்சிமடம் அருகே கடலுக்குள் இருக்கும் வில்லூண்டித் தீர்த்தத்திலும் நல்ல தண்ணீர்தான். திரும்பும் வழியில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பங்குனி வரை பூநாரைகள் நிற்கும். 2025இல் இந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பைனாகுலரில் பாருங்கள். கிட்டே நடந்தால் கூட்டமே எழும்பும், இரை எடுக்கும் நேரம் அவற்றுக்கு வீணாகும்.

சனி, கீழக்கரை

ஐந்து நாளும் இந்த ஊருக்காகத்தான் என்றே சொல்லலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் அடைத்திருக்கும், அதனால் சனிக்கு வைத்தோம். நோன்பு மாதமானால் பகலில் வராதீர்கள், மாலை 5 மணிக்கு வாருங்கள். நோன்புக் கஞ்சியிலிருந்து எல்லாமே அப்போதுதான் தெருவுக்கு வரும்.

ஜும்மா பள்ளி முழுக்கக் கல். தூணும் போதிகையும் பார்த்தால் கோயில் மண்டபத்தைச் செதுக்கிய கைகளே இதையும் செதுக்கியிருக்கின்றன என்று தெரியும். உருவங்களுக்குப் பதில் பூவும் கொடியும். ‘செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி’ என்று ஊரே சொல்லும் வள்ளலின் பேரோடு சேர்த்தே இதைச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் கப்பல் வணிகம் செய்த மரைக்காயர் அவர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, தலையை மூடி உள்ளே போகலாம். பெண்கள் எதுவரை வரலாம் என்பதை அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி தொதல் என்ற இனிப்பு. மலாய் நாட்டிலும் இலங்கை அம்பாந்தோட்டையிலும் இதே பண்டம் இருக்கிறது. பச்சரிசி மாவு கால் கிலோ, பெரிய தேங்காய் மூன்று, கருப்பட்டி முக்கால் கிலோ, முந்திரி ஒரு கை. முதல் பாலைத் தனியே எடுத்து வைத்து, இரண்டாம் மூன்றாம் பாலில் மாவைக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டிச் சேர்த்து, அடி கனத்த உருளியில் மிதமான தீயில் கிண்டத் தொடங்கலாம். முதல் பாலைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் கெட்டியாகி, ஆகிவிட்டது போலக் காட்டும். வீட்டில் செய்கிறவர்கள் பலரும் அங்கேதான் இறக்குகிறார்கள். அது ஆகவில்லை. மாவு வாடை இருக்கும், மூன்றாம் நாள் புளிக்கும். இன்னும் ஒரு மணி நேரமாவது கிண்டினால் தேங்காய்ப்பாலில் உள்ள தண்ணீர் முழுக்கப் போய், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும், அகப்பையில் ஒட்டாமல் உருண்டு வரும். தண்ணீர் வற்றியதும் கருப்பட்டியின் இனிப்பும்தான் இரண்டு வாரம் கெடாமல் காக்கின்றன. கப்பலில் போனவர்கள் ஏன் இதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதும் அதனால்தான். கடையில் வாங்கும்போது ஒரு துண்டை விரலால் அழுத்துங்கள். எண்ணெய்ப் பளபளப்பு விரலில் படியலாம், தொதல் ஒட்டக் கூடாது. முகர்ந்தால் அடிப்பிடித்த வாடை இருக்கக் கூடாது.

காலையில் இடியாப்பமும் வட்லாப்பமும் கிடைத்தால் விடாதீர்கள். விருந்து, பெருநாள் பண்டம் என்பதால் தினமும் கிடைக்காது. முட்டை ஆறு, கருப்பட்டி 300 கிராம், ஒரு தேங்காயின் கெட்டிப்பால், ஏலக்காய் நான்கு. கருப்பட்டிப் பாகு முற்றிலும் ஆறிய பிறகே முட்டையில் விட வேண்டும். சூடாக விட்டால் முட்டை திரிந்து பொரியலாகிவிடும். நுரை வர அடிக்காமல் கலந்து, வடிகட்டி, கிண்ணத்தைத் துணியால் மூடி, சிறுதீயில் 40 நிமிடம் ஆவியில் வைக்கலாம். துணி போடாவிட்டால் மூடியில் சேரும் நீர் சொட்டி மேல்பக்கம் குழி விழும். தீ கூடினால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. கொழும்பில் இதே பண்டத்தில் சாதிக்காய் கூடுதலாக இருக்கும். எங்களுக்குக் கீழக்கரைப் பக்குவமே பிடித்தது, கருப்பட்டி மணம் மேலெழுந்து நிற்கிறது.

பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சிங்கப்பூரின் ஜாமியா சூலியா பள்ளிவாசலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியவை. இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தவை. அங்கே நாசி கந்தார் சோற்றுத் தட்டில் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றும்போது, கீழக்கரை நெய்ச்சோற்றின் ஓரத்தில் கறிக்குழம்பும் தாளிச்சாவும் கலக்கும் இடம் நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால் சனிக்கிழமை மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிறு, ஏர்வாடி, சாயல்குடி

ஏர்வாடி தர்காவில் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். சந்தனக்கூடு சமயத்தில் அறை தேட வேண்டாம், கீழக்கரையில் தங்கி வாருங்கள். அங்கிருந்து மேற்கே போகப் போகப் பனை. சாயல்குடிப் பக்கம் கருப்பட்டிக்கென்றே பேர் பெற்றது.

பதநீரைக் காலை 8 மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தில் தடவிய சுண்ணாம்புதான் அதைக் கள்ளாகாமல் பிடித்து வைக்கிறது, வெயில் ஏறினால் அதுவும் தாங்காது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும், விறகுச் செலவு வேறு. இந்தக் கணக்கு தெரிந்தால் மிகக் குறைந்த விலைக்கு நீட்டுவது சீனி கலந்தது என்று புரிந்துவிடும். உடைத்துப் பாருங்கள். அசல் கருப்பட்டி உள்ளே மங்கலான கரும்பழுப்பு, நாக்கில் இனிப்போடு மெல்லிய உப்புக் கரிப்பு. சீனி கலந்தது உடைந்த இடத்தில் மினுங்கும், வெறும் இனிப்பாக இருக்கும். வாங்கியதை பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துக் கசியும், ஓலைக் கொட்டானிலேயே வைத்துக் காகிதம் சுற்றுங்கள்.

முண்டு மிளகாயும் இங்கேயே வாங்கிவிடலாம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த ராமநாதபுரத்துச் சரக்கு. காம்போடு இருக்க வேண்டும், குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். வெளிறிய திட்டு இருந்தால் பனியில் நனைந்து காய்ந்தது, குழம்பில் நிறம் தராது.

அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னாருக்கு இன்று கப்பல் இல்லை. இலங்கைக்குப் போக வேண்டுமானால் அடுத்து நாகப்பட்டினம் போய் காங்கேசன்துறைக் கப்பல், கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். வாடைக் காலத்தில் அது ஓடாது, மற்ற நாட்களிலும் கடலைப் பொறுத்துத்தான். சீட்டு உறுதியானதா என்று முந்தின நாள் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தொதலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், கருவாட்டை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அந்தக் கரையிலும் நல்ல கருவாடு கிடைக்கும்.